இப்போது உங்களோடு ஒட்டிக்கொண்ட தொடர், புத்தகம், கருவி எது?

பொத்தோங்பாசிர்க்காரன்:

வணக்கம் மக்களே. கேள்வி ஒன்றுதான், ஆனால் கதையோடு சொன்னால்தான் புரியும்.

ஏழு ஆண்டுகளாக ஒரே குறிப்புச் செயலியில் எழுதி வந்தேன். படித்த புத்தகம், பார்த்த தொடர், எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே தோன்றிய வரி, அம்மா தொலைபேசியில் சொன்ன மீன் குழம்புப் பக்குவம், எல்லாம் அதில்தான் கிடந்தன. போன மாதம் சந்தாவை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். சரி, மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினேன். ஆங்கிலத்தில் எழுதியவை ஒழுங்காக வந்து சேர்ந்தன. தமிழில் எழுதியவை மட்டும் ஏதோ கிறுக்கலாக வந்திருக்கின்றன. உதவி கேட்டு எழுதினால் உங்கள் மொழிக்கு வசதி இல்லை என்று இரண்டே வரியில் பதில். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறேன். கடந்த ஆறு மாதத்தில் உங்களோடு ஒட்டிக்கொண்ட ஒரு தொடர், ஒரு புத்தகம், ஒரு கருவி எது? நீளப் பட்டியல் வேண்டாம், அது இணையம் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. ஏன் ஒட்டிக்கொண்டது என்பதுதான் எனக்கு வேண்டும். கருவிக்கு மட்டும் ஒரு நிபந்தனை: தமிழ் உள்ளே போன மாதிரியே வெளியே வர வேண்டும்.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடர், 'செவரன்ஸ்'. முதல் பருவம் 2022இல் வந்தது, அடுத்ததற்கு 2025 ஜனவரி வரை காக்க வைத்தார்கள். மூளையில் ஒரு சிப்பை வைத்து, அலுவலகத்தில் இருக்கும் ஆளுக்கு வீட்டு நினைவும் வீட்டில் இருக்கும் ஆளுக்கு அலுவலக நினைவும் இல்லாமல் செய்துவிடுகிறார்கள். மின்தூக்கிக்குள் நிற்கும்போது ஒரு நொடியில் அந்த ஆளின் முகம் வேறு ஆளின் முகமாகிறதே, அதை மட்டும் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒப்பனை இல்லை, வசனம் இல்லை, கண்ணும் தாடையும் மட்டும். புத்தகம், சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', இரண்டாம் முறை. பள்ளியில் படித்தபோது ஜீனோ என்ற அந்த இயந்திர நாய் எனக்கு வேடிக்கைப் பொருள். இன்றைக்குத் தினமும் எட்டு மணி நேரம் பேசும் மென்பொருளோடு வேலை செய்துவிட்டு வந்து படிக்கும்போது, அந்த மனிதர் 1980களிலேயே உட்கார்ந்து எதையெல்லாம் யோசித்திருக்கிறார் என்று பக்கத்தை மூடி வைத்துவிட்டு உட்கார வேண்டியிருக்கிறது. கருவி இடம் காலியாக இருக்கிறது. அதற்குத்தான் இந்த இழை.


இரவுப்பணித் தாதி:

உங்கள் குறிப்புகள் போனதைப் படித்து எனக்கே வயிறு கலங்கிவிட்டது. யாராவது வழி சொல்வார்கள், அழித்து மட்டும் விடாதீர்கள்.

தொடர் என்றால் 'தி பிட்'. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவு, முதல் பருவத்தில் 15 பகுதி, ஒரு பகுதிக்கு ஒரு மணி நேரம், மொத்தமும் ஒரே ஷிஃப்ட். மருத்துவத் தொடர்கள் எனக்குப் பொதுவாக ஆகாது, யாரும் கை கழுவுவதைக் காட்ட மாட்டார்கள். இதில் ஆட்களுக்குச் சிறுநீர் கழிக்கப் போக நேரம் கிடைக்காமல் தவிப்பதைக் காட்டுகிறார்கள். அந்த ஒன்றுக்காகவே நான் கடைசிவரை பார்த்தேன்.

புத்தகம் இந்த ஆறு மாதத்தில் ஒன்றும் முடிக்கவில்லை.

கருவி, ஆங்கி. ஞாபக அட்டைச் செயலி. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் என் வேலையையே மாற்றிவிட்டது. எங்கள் வார்டில் பாதிப்பேர் எழுபது, எண்பது வயதுச் சீன முதியவர்கள். ஆங்கிலம் தெரியாது, சிலருக்கு மாண்டரினும் வராது, ஹொக்கியன் மட்டும்தான். ராத்திரி மூன்று மணிக்கு மொழிபெயர்க்க ஆளைத் தேடி எங்கே ஓடுவது? அதனால் அட்டை போட ஆரம்பித்தேன். முன்பக்கம் தமிழில் 'வலி'. பின்பக்கம் மாண்டரினில் 'தோங்', ஹொக்கியனில் 'தியா', கூடவே எங்கள் வார்டு ஆன்ட்டி ஒருவர் தன் வாயால் சொன்ன ஒலிப்பதிவு. ஒரு நாளைக்குப் புதிதாக ஐந்து அட்டைதான். மறக்கப் போகிற நேரம் பார்த்து அதுவே திரும்பக் காட்டும். மறதி எந்த வேகத்தில் நடக்கிறது என்று எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன் மேலேயே சோதனை செய்து 1885இல் வெளியிட்டார், இந்த மாதிரிச் செயலிகளுக்கெல்லாம் விதை அங்கே இருக்கிறது. ஆங்கியில் 2023இல் கணக்குப் போடும் முறையைப் புதுப்பித்தார்கள், அமைப்புகளில் போய் நாமேதான் அதை இயக்க வேண்டும். எனக்கு அதற்கப்புறம் தினசரி அட்டைகள் நன்றாகக் குறைந்தன.

போன வாரம் ஒரு தாத்தா. யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தவர். 'சாப்பிட்டீர்களா' என்று ஹொக்கியனில் கேட்டேன், உச்சரிப்பு எப்படி இருந்ததோ தெரியாது, மெதுவாகத் திரும்பிப் பார்த்து அரை நிமிடம் விடாமல் பேசினார். அதில் எனக்குப் புரிந்தது இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லும் அட்டையில் இருந்தவை.

ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனுக்குக் காசு. தமிழ் தாராளமாக உள்ளே போகிறது, சாதாரண உரைக் கோப்பாகவும் வெளியே எடுக்கலாம், நான் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.


செம்பவாங் பேரன்:

எனக்குத் தொடரும் புத்தகமும் கருவியும் எல்லாம் ஒன்றுதான். நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி. பழைய சிங்கப்பூர் நாளிதழ்களைப் படமெடுத்துப் போட்டிருக்கும் தளம். 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸை வீட்டிலிருந்தே 1989 வரை புரட்டலாம், உறுப்பினர் அட்டைகூட வேண்டாம்.

என் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1968 ஜனவரியில், 1971 முடிவதற்குள் படைகளைத் திரும்பப் பெறுவதாக பிரிட்டன் அறிவித்தது. படைத்தளங்களை நம்பி வந்த பணம் அன்றைக்கு நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்லட்டில் அந்த வாரத்து இதழ்களைத் திறந்து, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அரசியல் பக்கத்தில் ஒன்றும் பேசவில்லை. விளம்பரப் பக்கத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டியைப் பார்த்ததும் நிறுத்து என்றார். 'இதைத்தான் உங்க தாத்தா முன்பணம் கட்டி வாங்கறதா இருந்தாரு. அந்தச் சேதி வந்த மறுநாள் போயிக் காசைத் திருப்பி வாங்கிட்டு வந்துட்டாரு.' அப்புறம் டிசம்பரில் செம்பவாங் ஷிப்யார்ட் தளத்தின் கப்பல் பட்டறையை எடுத்துக்கொண்டதும் தாத்தாவுக்கு வேலை தொடர்ந்தது. ஆனால் அந்தப் பெட்டி 1973 வரை வீட்டுக்கு வரவில்லையாம். எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது, என் அப்பாவுக்கே தெரியாது.

இப்போது வாரம் ஒரு தேதி. பாட்டி தேதி சொல்வார், நான் திறப்பேன். இதைவிட நல்ல தொடர் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு யோசனை: பெயரைப் போட்டுத் தேடும்போது தமிழ்ப் பெயர்களை அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். பழைய அச்சைக் கணினி தப்பாகப் படித்திருக்கும் இடங்களும் நிறைய உண்டு, அதனால் தேதி தெரிந்தால் தேடாமல் நேராகப் புரட்டுவதே மேல்.


ரிலே சத்தம்:

புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன், அப்புறம் பொத்தோங்பாசிரின் கிறுக்கலுக்கு வருகிறேன்.

சார்ல்ஸ் பெட்சோல்டின் 'கோட்'. 1999 புத்தகம், 2022இல் இரண்டாம் பதிப்பு. எதிர்வீட்டு நண்பனோடு ராத்திரியில் டார்ச் விளக்கடித்துப் பேச நினைக்கும் பத்து வயதுப் பிள்ளையில் ஆரம்பித்து, மோர்ஸ், பிரெயில், தந்தி, ரிலே (மின்சாரம் பாய்ந்தால் இழுத்துக்கொள்ளும் சுவிட்ச்) என்று ஒவ்வொரு படியாக ஏற்றி ஒரு முழுக் கணினியையே கட்டி முடிக்கிறார். நான் பதினைந்து ஆண்டாக மென்பொருள் எழுதுகிறேன், ஆனால் மின்சாரம் எப்படிக் கூட்டல் போடுகிறது என்று யாராவது பிடித்து நிறுத்திக் கேட்டிருந்தால் மழுப்பியிருப்பேன். தொடக்கநிலை 5இல் படிக்கும் மகன்தான் கேட்டான். சிம் லிம் டவருக்குப் போய் இரட்டைத் தொடர்பு ரிலே இரண்டு, எல்இடி இரண்டு, கொஞ்சம் வயர், எல்லாம் சில வெள்ளிதான்.

இதை மட்டும் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் நீங்களும் செய்யலாம். மாடிப்படி விளக்குக்கு மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச் இருக்குமே, எதைத் தட்டினாலும் விளக்கு மாறும், அதே இணைப்புதான் முதல் எல்இடிக்கு. இரண்டு ரிலேவில் ஏதாவது ஒன்று மட்டும் இழுத்திருந்தால் எரியும், இரண்டும் இழுத்தால் அணையும். மீதியிருக்கும் தொடர்புகளை வரிசையாகக் கோத்து இரண்டாவது எல்இடிக்குக் கொடுத்தால், இரண்டு ரிலேவும் இழுத்தால் மட்டும் அது எரியும். முதல் விளக்கு ஒன்றாம் இடம், இரண்டாவது விளக்கு மிச்சம், அதாவது அடுத்த இடத்துக்குப் போவது. அவ்வளவுதான், ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால், சுழியமும் ஒன்றும் மட்டுமே உள்ள இரும எண்முறையில் ஒன்று-சுழியம், அதாவது இரண்டு. மகன் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினான். 'டிக்' என்று ஒரே நேரத்தில் இரண்டு ரிலேவும் அடித்து, முதல் விளக்கு எரியாமல் இரண்டாவது எரிந்தது. 'அப்பா, இது மிச்சத்தை ஞாபகம் வச்சுக்குது' என்றான். ஞாபகம் இல்லை, அது வேறு அத்தியாயம், ஆனால் நான் அப்போது திருத்தவில்லை.

தொடர், 'ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர்', 2014 முதல் 2017 வரை நான்கு பருவம். 1980களின் டெக்சஸில் ஐபிஎம் கணினியைப் பிரித்துப் போட்டு அதுபோலவே ஒன்று செய்யும் ஆட்கள். முதல் பகுதியில் சிப்பிலிருக்கும் மதிப்புகளை விளக்கு விளக்காகப் பார்த்து ஒருவர் சொல்ல, இன்னொருவர் கையால் எழுதுவார். மேலே சொன்ன ரிலேவுக்குப் பிறகு அந்தக் காட்சியை மகனோடு பார்த்தேன், அவன் அசையாமல் பார்த்தான். மற்ற இடங்கள் குழந்தைகளுக்கு இல்லை, கவனம்.

இப்போது உங்கள் கோப்பு. கிறுக்கல் எந்த மாதிரி இருக்கிறது? வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால் போனது போனதுதான். கட்டம் கட்டமாக இருந்தால் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான், எழுத்து பத்திரமாக இருக்கிறது. தலையில் சாய்கோடு போட்ட ஓர் ஐரோப்பிய எழுத்தும், பக்கத்தில் பொருள்களின் மேல் வட்டத்துக்குள் போடுவார்களே அந்தப் பதிவுச் சின்னமும் மாறி மாறி வருகிறதா?


பொத்தோங்பாசிர்க்காரன்:

ஆமாம், ஆமாம், அதேதான்! பக்கம் முழுக்க அந்த இரண்டும்தான் வருகின்றன. நடுநடுவே கேள்விக்குறியும் இருக்கிறது.


ரிலே சத்தம்:

அப்படியென்றால் பெரும்பகுதி உயிரோடு இருக்கிறது.

கணினி எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று, மூன்றாவதுதான் எந்த எழுத்து என்று சொல்வது. உங்கள் செயலி இதை மேற்கத்திய விண்டோஸ் குறிமுறை என்று நினைத்து ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாக எழுதியிருக்கிறது. அதனால்தான் முதல் இரண்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. பைத்தானில் எஃப்டிஎஃப்ஒய் என்று ஒரு நிரல்தொகுப்பு இருக்கிறது, இந்த மாதிரிக் குழப்பத்தைத் திருப்பிப் போடுவதற்கென்றே எழுதியது. முதலில் கோப்பை இரண்டு இடத்தில் நகலெடுத்து வையுங்கள், நகலில் மட்டும் கை வையுங்கள்.

கேள்விக்குறிக்கு வருகிறேன். அந்த விண்டோஸ் குறிமுறையில் ஐந்து இடம் காலி, எந்த எழுத்தும் கிடையாது. நாம் அன்றாடம் எழுதும் தமிழில் அந்த ஓட்டையில் விழுவது நான்குதான்: ஏ, ஐ, அப்புறம் மெய்யெழுத்தின் புள்ளி, கு, து போன்றவற்றில் வரும் உகரக் குறி. முதல் இரண்டு பைட் தப்பித்திருக்கும் என்பதால், கேள்விக்குறி இருக்கும் இடத்தில் ஏ, ஐ என்ற ஜோடியா, புள்ளி, உகரம் என்ற ஜோடியா என்று கண்டுபிடித்துவிடலாம். ஜோடிக்குள் எது என்பதை மட்டும் நீங்கள்தான் படித்து முடிவு செய்ய வேண்டும். 'எழுத்து' என்று எழுதியிருந்தால் 'எழதத' என்று வந்து நிற்கும்.


கணியன் காலத்து ஆள்:

'எழதத' என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1997 மே மாதம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமான என்யுஎஸ்ஸில், கணினியில் தமிழைப் பற்றிய தமிழ்நெட் மாநாடு நடந்தது. கூட்டத்தில் ஒருவனாக நானும் உட்கார்ந்திருந்தேன். நா. கோவிந்தசாமி இங்கே தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்துகொண்டே கணியன் முறையை உருவாக்கி இணையத்தில் தமிழை ஏற்றியவர். அந்தக் காலத்தில் எழுத்துருவுக்கு ஒரு குறிமுறை. நான் ஓர் எழுத்துருவில் தட்டி அனுப்பிய கடிதம் நண்பனிடம் கிறுக்கலாகப் போய்ச் சேரும், அவன் தொலைபேசியில் கூப்பிட்டு என்ன எழுத்துரு என்று கேட்பான். அதை ஒழுங்குபடுத்த எத்தனை பேர் எத்தனை ராத்திரி உட்கார்ந்தார்கள் தெரியுமா. கோவிந்தசாமி 1999 மே மாதம் காலமானார். அடுத்த ஆண்டு இதே ஊரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில்தான் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. இத்தனைக்குப் பிறகும் காசு வாங்கும் ஒரு செயலி இன்றைக்குத் தமிழைக் கிறுக்கலாகத் தருகிறது என்றால் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன்.

நான் தொடர் பார்ப்பதில்லை. புத்தகம், உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்', மதுரை மின்தொகுப்புத் திட்டத்திலிருந்து எடுத்து மின்வாசிப்பானில் படிக்கிறேன். 1998 பொங்கலன்று தொடங்கிய திட்டம் அது, உலகமெங்குமுள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தவை. ஆரம்பத்தில் பழைய குறிமுறையில் இருந்தவற்றை யூனிகோடுக்கு மாற்றிப் பிழைக்க வைத்தார்கள். கருவி என்றால் நான் சொல்வது வெறும் உரைக் கோப்பு. தேதி போட்ட பெயர், யூடிஎஃப்-8, ஒரு கோப்புறை. எந்த நிறுவனம் மூடினாலும் திறக்கும். செயலியே வேண்டாம்.

பொத்தோங்பாசிர், ஓலைச்சுவடியில் புள்ளி வைக்கும் வழக்கம் கிடையாது. ஓலை கிழிந்துவிடும். ஐயர் அப்படிப்பட்ட ஏடுகளைத்தான் ஊர் ஊராகத் தேடிப் படித்துப் பதிப்பித்தார். நீங்கள் எழுதியதை நீங்கள் படித்துவிடுவீர்கள், பயப்படாதீர்கள்.


இரவுப்பணித் தாதி:

ஐயா, செயலியே வேண்டாம் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்த அட்டையை எந்த நாளில் காட்ட வேண்டும் என்று உரைக் கோப்பு கணக்குப் போடாது. உள்ளே இருப்பதை முழுசாக வெளியே எடுக்க முடிந்தால் செயலி இருந்துவிட்டுப் போகட்டும். மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும்.


கணியன் காலத்து ஆள்:

சரிதான் அம்மா. எடுத்துப் பார்ப்பது என்றால் திறந்து படித்தும் பார்க்க வேண்டும். கோப்பு வந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது.


பொத்தோங்பாசிர்க்காரன்:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

ரிலே அண்ணே, வந்துவிட்டது. முதல் ஓட்டத்திலேயே திரையில் தமிழ் வந்து நின்றபோது எழுந்து நின்றுவிட்டேன். கேள்விக்குறி இடங்களை மட்டும் வேலைக்குப் போகும்போது ரயிலில் ஒவ்வொன்றாகச் சரி செய்கிறேன், ஹார்பர்ஃபிரண்ட் வரைக்கும் இரண்டு மூன்று குறிப்பு முடிகிறது. புள்ளியா உகரமா என்பது அநேகமாகப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. எல்லாம் இப்போது உரைக் கோப்புகள், மேலே அப்சிடியன் என்ற குறிப்புச் செயலியை வைத்துப் படிக்கிறேன், அது அந்தக் கோப்புகளை அப்படியே கோப்புறையில் விட்டு வைக்கிறது. ஆக ஐயா சொன்னதும் அக்கா சொன்னதும் இரண்டும் நடக்கிறது. 'கோட்' இரண்டாம் பதிப்பு நூலகத்தில் முன்பதிவு செய்திருக்கிறேன்.

ஓர் இடத்தில் மட்டும் நின்றுவிட்டேன். அம்மா சொன்ன மீன் குழம்பு. 2019இல், அவர் பேசப் பேசத் தட்டியது. 'மீன' என்று வந்து ஓர் ஓட்டை, 'பால' என்று வந்து ஓர் ஓட்டை, கீழே 'கொதிககடடம' என்று ஒரு சொல். புள்ளி போட்டால் மீன், பால், கொதிக்கட்டும். உகரம் போட்டால் மீனு, பாலு, கொதிக்கட்டுமு. கடைசிச் சொல்லுக்கு உகரம் பொருந்தாது, அதற்குப் புள்ளிதான். முதல் இரண்டுக்கும் எது போட்டாலும் சரியாகத்தான் வரும், நான் அன்றைக்கு எழுத்துத் தமிழில் தட்டினேனா, அவர் சொன்ன மாதிரியே தட்டினேனா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் குறிப்பை மறுபடி சொல்லச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் சொன்னார், புளி அளவு மாறியிருக்கிறது, தேங்காய்ப்பால் மாறவில்லை. மீனு, பாலு என்றுதான் சொன்னார். இரண்டுக்கும் உகரம் போட்டுவிட்டேன்.